பெரியவர் ரைஃபிள் வேண்டாம் என்கிறார், சட்டம் கொண்டு போகலாம் என்கிறது

கேள்வி: "அண்ணா, மினசோட்டா ரோச்செஸ்டரில் ஐடி வேலை. கிரீன் கார்டு வந்து நாலு வருடம் ஆகிறது. பக்கத்து கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு வயதான விவசாயி. அவருடைய கணக்கு வழக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த பழக்கத்தில் மூன்று வருடமாக மான் வேட்டைக்கு என்னையும் சேர்த்துக்கொள்கிறார். அவர் கொடுத்த பழைய பன்னிரண்டு கேஜ் ஷாட்கன்தான் என் துப்பாக்கி. இதுவரை இரண்டு மான் விழுந்தன, ஒன்று அடிபட்டு ஓடிப்போய்விட்டது, அது இன்னும் மனதை அறுக்கிறது. இந்த வருடத்திலிருந்து தெற்கு மினசோட்டாவிலும் ரைஃபிள் கொண்டு போகலாம் என்று சட்டம் வந்துவிட்டதால் ஆபீஸில் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள். பெரியவரிடம் பேச்செடுத்தேன். 'என் நிலத்தில் ரைஃபிள் வெடிக்காது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் மகன் ஏற்கெனவே வாங்கிவிட்டதால் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தையே இல்லை. என் மனைவிக்கு ரைஃபிள் என்ற சொல்லே பயம், வீட்டில் நாலு வயதுக் குழந்தை. பெரியவர் வெறும் பிடிவாதம் பிடிக்கிறாரா, அல்லது அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதா? வாங்கலாம் என்றால் எது வாங்கலாம்? எச்-1பி விசாவில் இருக்கும் நண்பன் ஒருவனும் வருகிறேன் என்கிறான், அவனுக்கு என் ஷாட்கனைக் கொடுக்கலாமா?"

பதில்:

தம்பி, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் என்பதால் இந்த வருடம் இதே கேள்வியை வேறு வேறு வாயில் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, ஆனால் அப்பாவும் மகனும் பேசாமல் இருக்கிறார்கள் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். மினசோட்டாவின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள விவசாயப் பகுதிகள் பல பத்தாண்டுகளாக ஷாட்கன் மண்டலம். அங்கே மான் சீசனில் ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) போட்ட ஷாட்கன், குழல் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் மசில்லோடர், கைத்துப்பாக்கி, இவ்வளவுதான். 2025-ல் சட்டமன்றம் அந்த மண்டலத்தை எடுத்துவிட்டது, 2026 ஜனவரி 1 முதல் அமல். ஆனால் ஒரு கவுண்டி விரும்பினால் தன் எல்லைக்குள் ஷாட்கன் மட்டும்தான் என்று தனியாக விதி போட்டுக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது வேட்டை நடக்கும் கவுண்டியின் முடிவை, குடியிருக்கும் கவுண்டியின் முடிவை அல்ல. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இந்த வருட விதிப் புத்தகத்தைத் திறந்து அந்தக் கவுண்டிப் பெயரைத் தேடிப் பார்த்த பிறகு மிச்சத்தை யோசியுங்கள்.

கவுண்டி அனுமதித்தாலும் நிலம் பெரியவருடையது. இங்கே விவசாய நிலத்துக்குள் வேட்டைக்குக் கால் வைக்கவே உரிமையாளர் அனுமதி வேண்டும், பலகை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். எதைக் கொண்டு வரலாம் என்று சொல்லும் உரிமையும் அதற்குள்ளேயே அடக்கம். சட்டம் 'கொண்டு போகலாம்' என்று சொல்கிறதே தவிர, 'அவர் விட்டாக வேண்டும்' என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆக அவர் நிலத்தைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ரைஃபிள் இல்லை. ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களே, எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

என் வகுப்புக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு பக்கம் முப்பது நாற்பது வயதுக்காரர்கள், பெண்கள், பிள்ளைகளை முதல்முறை கூட்டிப் போகும் அப்பாக்கள். வடக்கே போனால் ரைஃபிள், தெற்கே வந்தால் ஷாட்கன் என்று எதற்கு இரண்டு துப்பாக்கிச் செலவு, பன்னிரண்டு கேஜ் ஸ்லக்கின் உதையில் என் மகள் அழுதாள், குறி தப்பி மான் நொண்டிக்கொண்டு போவதைவிட ஒரே குண்டில் விழுவது நல்லதில்லையா என்கிறார்கள். மறுபக்கம் பெரும்பாலும் நிலம் வைத்திருக்கிறவர்கள், ஐம்பது வருடமாக அதே கொல்லையில் அதே சொந்தக்காரர்களோடு மானைக் கலைத்து ஓட்டிச் சுடுகிறவர்கள். இவர்களுடைய பேச்சு வேறு: இது தட்டை நிலம், அரை மைலுக்கு ஒரு வீடு, தொழுவம், ரோடு. இனி பக்கத்து நிலத்துக்காரன் தன் வேலியோரம் உட்கார்ந்துகொண்டு முந்நூறு கெஜத்தில் என் மானைச் சுடுவான், கொம்பு வளர்வதற்குள் கிடாய் எல்லாம் போய்விடும். வில் வேட்டைக்காரர்கள் சிலரும் இவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள், அவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் பிடிக்காது என்பது தனிக்கதை.

(ஊரில் இருக்கும் உறவுகள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அங்கே மான் மீது கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். இங்கே தெற்கு விவசாயப் பகுதியில் ஓநாய் கிடையாது, சோளக் காட்டைத் தின்று கொழுக்கும் வெள்ளைவால் மானை வருடா வருடம் குறைக்காவிட்டால் பயிரும் போகும், இரவில் காரில் வருகிறவன் பாடும் திண்டாட்டம்.)

கொம்பு, கிடாய் பற்றிய புலம்பலுக்கு நான் அதிகம் காது கொடுப்பதில்லை. எத்தனை மான் விழும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது எத்தனை அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள், எத்தனை நாள் சீசன் என்பவைதான். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சினில் ஷாட்கன் மட்டும் என்றிருந்த கவுண்டிகளுக்கும் 2013-ல் ரைஃபிளைத் திறந்துவிட்டார்கள், மான் இனம் அற்றுப்போய்விடவில்லை. ஒஹாயோவும் தெற்கு மிச்சிகனும் 2014-ல் பாதிக் கதவைத் திறந்தன: கழுத்து ஒடுங்காமல் நேர் குழாயாக இருக்கும் தோட்டா போடும் ரைஃபிள் மட்டும், ஏனென்றால் அந்தக் குண்டு மெதுவாகப் போய்ச் சீக்கிரம் தரையில் விழும். இல்லினாய் 2023-ல் ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் ரைஃபிளை அனுமதித்தது. சட்டம் ஓரங்குலம் இடம் கொடுத்தால் கம்பெனிக்காரன் அதற்குள் ஒரு தோட்டாவைச் செய்து விற்றுவிடுவான், 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் அப்படி வந்ததுதான். மினசோட்டா இந்தப் பாதிக் கதவு வேலையே வைத்துக்கொள்ளவில்லை, .22 அங்குலத்துக்குக் குறையாத விட்டத்தில், அடித்தட்டின் நடுவில் ஊசி அடித்து வெடிக்கும் தோட்டா, பட்டால் விரியும் குண்டு என்றால் போதும்.

இப்போது பெரியவரின் உண்மையான பயத்துக்கு வருகிறேன். 'ரைஃபிள் குண்டு ரொம்ப தூரம் போகும்.' போகும், பொய்யில்லை. .30-06 என்ற ரைஃபிள் குண்டை முப்பத்தைந்து டிகிரி மேல்நோக்கிச் சுட்டால் இரண்டரை மைல் போய் விழும். உங்கள் பெரியவரின் நிலம் 160 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், இங்கே பழைய அளவையில் கால் செக்‌ஷன் என்பார்கள், அதன் ஒரு பக்கம் அரை மைல். நட்ட நடுவில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் வேலிக்கு 440 கெஜம்தான். ஆக வானத்தைப் பார்த்துச் சுட்ட ரைஃபிள் குண்டு நாலைந்து பேர் நிலத்தைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் எவனும் முப்பத்தைந்து டிகிரியில் மானைச் சுடுவதில்லை, மான் மரத்தில் ஏறாது. பென்சில்வேனியாவில் இதே சண்டை வந்தபோது அந்த மாநிலச் சட்டமன்றத்தின் குழு ஒன்று ஆய்வு செய்யச் சொல்லி, 2007-ல் அறிக்கை வந்தது. ரைஃபிள், ஷாட்கன் ஸ்லக், மசில்லோடர் மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மேல்நோக்கிச் சுட்டால் ரைஃபிள்தான் அதிக தூரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நேர்மட்டமாகச் சுட்டுக் குண்டு தரையில் பட்டுத் தெறித்து எகிறுவதையும் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்லக் ரைஃபிள் குண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது, கிட்டத்தட்ட ஒரு மைல். காரணம் புரியாத ஒன்றில்லை. ரைஃபிள் குண்டு சிறியது, வேகமானது, மண்ணில் பட்டதும் சிதைந்து வேகத்தை இழந்துவிடும். ஸ்லக் கட்டை விரல் பருமனுக்கு ஓர் அவுன்ஸ் ஈயம், குளத்தில் ஓடு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அது மாதிரி உருண்டு எகிறிக்கொண்டே போகும். ஐம்பது வருடமாக 'நம் கையில் ஷாட்கன்தானே' என்ற தைரியத்தில் தட்டை வயலில் ஓடும் மானைச் சுட்டவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

சரி, அப்படியென்றால் பெரியவர் சொல்வது தப்பு, ரைஃபிளை வாங்கிவிடலாம் என்று துள்ளாதீர்கள். அந்த அறிக்கை அளந்தது குண்டை. சுடுகிறவனை அல்ல. என் பயம் சுடுகிறவனைப் பற்றியது.

பழைய ஷாட்கனில் மணி போல ஒரு குறிதான் இருக்கும். எழுபது எண்பது கெஜத்துக்கு மேல் மான் நின்றால் 'இது நம்மால் ஆகாது' என்று மனது தானாகவே சொல்லிவிடும். நூறு கெஜத்துக்குக் குறி சரி செய்த ஸ்லக் நூற்றைம்பதில் ஏறக்குறைய ஓரடி கீழே விழும், அதே தூரத்துக்குச் சரி செய்த .308 ரைஃபிளோ இருநூறில்கூட நாலு அங்குலம்தான் இறங்கும். ஷாட்கன்காரன் தன்னை அறியாமலே கிட்டத்தில் வரும் மானுக்குக் காத்திருக்கப் பழகியிருக்கிறான், கிட்டத்தில் வந்த மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ரைஃபிளும் ஒன்பது மடங்கு ஸ்கோப்பும் கைக்கு வந்த அன்றைக்கு அந்தக் காத்திருப்பு போய்விடுகிறது. ஸ்கோப்புக்குள் மான் பெரிதாகத் தெரியும், மானைச் சுற்றியிருக்கும் உலகம் தெரியாது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். வேட்டைக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வருடம், வடக்கே, ரைஃபிள் மண்டலத்தில். காலை எட்டு மணி இருக்கும், மேட்டு விளிம்பில் ஒரு பெட்டை மான் வானத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு வரைந்து வைத்த மாதிரி நின்றது. நூற்றெண்பது கெஜம். ஸ்கோப்பில் அதன் காது அசைவதுகூடத் தெரிந்தது. பாதுகாப்புக் குமிழைத் தள்ளிவிட்டேன், விரல் விசைக்குள் போய்விட்டது. ஏனோ மூக்கு அரித்தது, தலையைத் தூக்கினேன். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆரஞ்சுத் தொப்பி மெல்ல மேலே ஏறி வந்தது, அப்புறம் தோள், அப்புறம் ஆள், மானுக்கு நேர் பின்னால், பத்தடி தள்ளி. மான் ஓடிவிட்டது. அந்த ஆள் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு மத்தியானம் வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, கால் வரவில்லை. அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

அதனால்தான் வகுப்பில் நான் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதைவிட மண்ணைப் பற்றி அதிகம் பேசுகிறேன். மானுக்குப் பின்னால் மண் இருக்கிறதா? மேடு, வாய்க்கால் கரை, மலைச்சரிவு, ஏதாவது. இருந்தால் சுடு, ஆகாயம் தெரிந்தால் சுடாதே. உங்கள் பகுதி தென்கிழக்கு மூலை, மிசிசிப்பிக்கு இறங்கும் பள்ளத்தாக்கும் குன்றும் நிறைந்த பூமி. அங்கே பள்ளத்தாக்கின் வாயில் பரண் போட்டு எதிர்ச்சரிவைப் பார்த்து உட்கார்ந்தால் ரைஃபிளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பதினைந்தடி உயரப் பரணிலிருந்து கிட்டத்தில் நிற்கும் மானைக் கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மானுக்குப் பின்னாலேயே மண்ணுக்குள் போய்விடும். அதே நிலத்தின் மேல்பக்கம், அறுத்து முடித்த சோளத் தட்டை, கண்ணுக்கு எட்டிய வரை தட்டை, ஓரத்தில் அடுத்தவன் பால் பண்ணை. அங்கே ஷாட்கனும் வேண்டாம் என்பேன். (பரண் ஏறும்போது உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்பு வார் இல்லாமல் ஏறாதீர்கள், குண்டுக்குத் தப்பியவர்கள் பரணிலிருந்து விழுந்து முதுகை ஒடித்துக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.)

இன்னொன்று, பெரியவர் வீட்டில் மான் கலைக்கிறார்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த வட்டாரத்தில் கலைக்காத குடும்பம் குறைவு. ஆறு பேர் வரிசையாகச் சோளக் காட்டுக்குள்ளோ தோப்புக்குள்ளோ சத்தம் போட்டுக்கொண்டு நடப்பார்கள், நாலு பேர் மறுமுனையில் நிற்பார்கள், மான் தெறித்து ஓடும், நிற்கிறவன் ஓடும் மானோடு சேர்த்துத் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டே சுடுவான். வேட்டையில் ஆள் மேல் குண்டு படும் சம்பவங்களைப் பார்த்தால், எங்கிருந்தோ இரண்டு மைல் பறந்து வந்த குண்டு என்பது அபூர்வம். ஒரே கூட்டத்தில் வந்தவன், கிட்டத்தில் நின்றவன், மாமனோ மச்சானோ. அல்லது தன் துப்பாக்கியே தன் காலில். கலைப்பு வேட்டைக்கு ரைஃபிள் கொண்டு வராதே என்று பெரியவர் சொன்னால் நான் அவர் கட்சி, கண்ணை மூடிக்கொண்டு. அவர் 'ரைஃபிள்' என்று சொல்லும்போது மனதுக்குள் அந்தக் கலைப்புதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஐம்பது வருடத்தில் அந்த வரிசையில் நடந்தவர்களில் யாராவது ஒருவரைப் பற்றி அவரிடம் ஒரு கதை இருக்கும். கேட்டுப் பாருங்கள். விவாதம் செய்யப் போகாமல் கதை கேட்கப் போங்கள்.

இப்போது அடிபட்டு ஓடிய உங்கள் மான். தம்பி, அந்த ஷாட்கனை எப்போதாவது மேஜையில் வைத்து அட்டையில் சுட்டுப் பார்த்தீர்களா? ஐம்பது கெஜத்தில் மூன்று ஸ்லக்? எனக்கென்னவோ இல்லை என்று தோன்றுகிறது, அடுத்தவர் கொடுத்த துப்பாக்கியை வாங்குகிறவர்கள் யாரும் செய்வதில்லை. வகுப்பில் பத்துப் பேர் கொண்டு வரும் பழைய ஷாட்கன்களை அட்டையில் சுட்டுப் பார்த்தால் சில ஓரடி இடப்பக்கம் போகும். குறி சரிபார்க்காத குழலை வைத்துக்கொண்டு 'எனக்கு ரைஃபிள் இல்லாததால்தான் மான் தப்பியது' என்று சொல்வது, செருப்பு கடித்ததற்குத் தெருவைத் திட்டுவது மாதிரி. பெரும்பாலான பன்னிரண்டு கேஜ் ஷாட்கன்களுக்கு உள்ளே புரி வெட்டிய குழல் தனியாகக் கிடைக்கும். அதை மாற்றி, ஒரு சின்ன ஸ்கோப் வைத்து, சேபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் வரும் ஸ்லக்) போட்டால் நூற்றைம்பது கெஜம் வரை நம்பிச் சுடலாம். உதை மட்டும் குறையாது. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள் என்றால் குழல் சிறிய இருபது கேஜுக்கு மாறுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவரின் விதிக்குள்ளேயே இவ்வளவு இடம் இருக்கிறது.

வேறு இடத்தில் சுட ரைஃபிள் வாங்கியே தீருவேன் என்றால், .243 வின்செஸ்டர் அல்லது 6.5 கிரீட்மோர், போல்ட் வகை (ஒவ்வொரு வெடிக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளுவது), மூன்று முதல் ஒன்பது மடங்கு ஸ்கோப், அதை எப்போதும் மூன்றிலேயே வைத்திருங்கள். .243-இன் உதை பன்னிரண்டு கேஜ் ஸ்லக்கில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். போன அக்டோபரில் சுடுதளத்தில் ஓர் அம்மா, ஐந்தடி உயரம், ஸ்லக்கை இரண்டு தடவை சுட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். .243-ஐக் கொடுத்ததும் நூறு கெஜத்தில் மூன்று குண்டையும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடக்கிவிட்டு, 'இதைத்தானா இத்தனை வருடம் எனக்குத் தராமல் வைத்திருந்தீர்கள்' என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். புதிய விதியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் எனக்கு முழுசாக உடன்பாடு உள்ள இடம் இதுதான். மேக்னம் என்ற கூடுதல் சக்தித் தோட்டா எதுவும் வேண்டாம், மானுக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது யாரும் கேட்காத விஷயம், நீங்களும் கேட்கவில்லை. கறி. 2008-ல் மினசோட்டா இயற்கைவளத் துறை செத்த ஆடுகளைச் சுட்டு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தது. சீக்கிரம் விரியும் ஈய ரைஃபிள் குண்டு ஒரு உடலில் சராசரி 141 துண்டாகச் சிதறியிருந்தது. ஷாட்கன் ஸ்லக் 28. அந்த ரைஃபிள் குண்டின் துண்டுகள் குண்டு போன வழியிலிருந்து ஓரடிக்குப் பக்கம் வரை பரவிக் கிடந்தன. அந்த மாதிரிப் படம் ஒன்றை வகுப்பில் காட்டுவேன், தோள்பட்டைக்கு மேல் கல்லுப்பைத் தூவிய மாதிரி இருக்கும். பல துகள் கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தட்டுப்படாது. கழுவினால் போகும் என்று குழாயடியில் காட்டாதீர்கள், கொஞ்சம் போகும், மிச்சம் நல்ல கறிக்கும் பரவும். ஷாட்கனிலிருந்து ரைஃபிளுக்கு மாறுகிறவர்கள் வேகம், தூரம், உதை எல்லாம் பேசுகிறார்கள், தங்கள் கொத்துக்கறிக்குள் ஈயம் கூடப்போகிறது என்பதைப் பேசுவதில்லை. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீடு உங்களுடையது, ஈயத்தில் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. ரைஃபிள் என்றால் முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள், பெட்டிக்குக் கொஞ்சம் விலை அதிகம், வருடத்துக்கு ஒரு பெட்டிதானே. ஷாட்கனுக்கும் செம்பு ஸ்லக் உண்டு. ஈயத்தில் விழுந்த மான் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக அறுத்து எறிந்துவிட்டு, தொடைக்கறியைக் குழந்தைக்கு வையுங்கள், நெஞ்சுப் பக்கம் வேண்டாம். உங்கள் மூலையில் மானுக்கு மெலிவு நோய் (சிடபிள்யூடி) வேறு இருக்கிறது, ரோச்செஸ்டர் இருக்கும் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியிலேயே பைன் ஐலண்ட் பக்கம் பிடிபட்டிருக்கிறது. தலையைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும் வரை கறியைப் பிரீசரிலேயே வைத்திருங்கள்.

மனைவியின் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். பூட்டும் இரும்புப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி உங்கள் இருவருக்கு மட்டும். பெட்டி வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகு துப்பாக்கி வரட்டும். ஒரு நாள் அவரையும் சுடுதளத்துக்கு அழைத்து வாருங்கள், சுட வேண்டாம், பார்த்தால் போதும்.

எச்-1பி நண்பர். இங்கே கவனம். குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படிக் குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் எதிலாவது முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். 1979-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் இங்கே லைசென்ஸ் வாங்கப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழும் வேண்டும். அது இரண்டும் கைக்கு வரும் வரை 'சும்மா பிடித்துப் பார்' என்றுகூட உங்கள் ஷாட்கனை அவர் கையில் கொடுக்காதீர்கள். மாட்டினால் அவருடைய விசா மட்டுமல்ல, தெரிந்தே கொடுத்த உங்களுக்கும் வினை. லைசென்ஸ் வாங்கினாலும் அது காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். இந்த வருடம் துப்பாக்கி இல்லாமல் ஆரஞ்சுச் சட்டையோடு உங்கள் கூட உட்காரட்டும், விடியற்காலைக் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த வருடமும் வருகிறேன் என்றால் அப்புறம் பேசலாம்.

கடைசியாக அந்த அப்பா மகன் விவகாரம். நீங்கள் நடுவில் போய் யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பென்சில்வேனியா அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டவும் வேண்டாம். சீசன் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், 'மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நிலத்தை ஒரு சுற்று நடக்கலாமா, எந்தப் பரணிலிருந்து எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் சுடக் கூடாது என்று எனக்குக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். புதிதாக வந்தவன் கேட்கும் கேள்வி, யாருக்கும் மானம் போகாது. நடக்கும்போது பக்கத்து வீட்டுக் கூரை எங்கெல்லாம் தெரிகிறது என்று பாருங்கள், ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்கு 500 அடிக்குள் அனுமதியில்லாமல் சுடக் கூடாது என்பது எந்தத் துப்பாக்கிக்கும் பொதுவான விதி. பள்ளத்தாக்கு வாயில் உள்ள பரணில் மட்டும், கலைப்பு இல்லாத நாளில் மட்டும், மகன் ரைஃபிளோடு உட்காரலாம் என்று பெரியவரே சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம். சொல்லாவிட்டால் மகன் ரைஃபிளை எடுத்துக்கொண்டு அரசுப் பொது நிலத்துக்குப் போவார், நீங்கள் ஷாட்கனோடு பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்கு முன்னால் அந்த ஷாட்கனையும் ஐந்து ஸ்லக்கையும் எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போய், ஐம்பது கெஜத்தில் மூன்று போட்டுப் பார்த்து, அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.